நேரான ஓர் ஓட்டை

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தாத்தாவின் தச்சு மேசை கிடக்கிறது. செங்கால் மரம், நான்கு அங்குலக் கனம். தோட்டத்தை விட்டு வெளியேறியபோது அப்பா லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த சாமான்களில் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். தாத்தா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் தச்சராக இருந்தவர். லயத்து வீடுகளின் கதவு, ஜன்னல், பள்ளிக்கூடத்து பெஞ்சு, ஆள் செத்தால் பெட்டி என எல்லாமே அந்த மேசையின் மேல்தான் உருவாகின. நான் பிறப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

மேசையின் மேற்பலகையில் பதினொரு ஓட்டைகள் இருக்கின்றன. இயந்திரப் பொறியியல் முதலாமாண்டு படித்தபோது, விடுமுறைக்கு வந்த நான் வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு போய் அவற்றை அளந்தேன். ஓர் இடைவெளிகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. இரண்டு ஓட்டைகள் கண்ணுக்கே தெரியும்படி சாய்ந்திருந்தன. அப்பாவிடம், "தாத்தாவுக்கு அளந்து ஓட்ட போடத் தெரியல போலப்பா" என்றேன். அப்பா தேநீர்க் குவளையைக் கீழே வைக்காமலேயே, "அப்படியா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறுவதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒரு "மன்னிச்சிடுங்கப்பா" போதும்தான். ஆனால் எங்கே தவறினேன் என்று புரிந்துகொள்வதற்கே ரோமாபுரியிலிருந்து ஜெர்மனிவரை சுற்றி வர வேண்டியிருந்தது.

அறுபது ஓட்டைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு எனக்கென்று ஒரு மேசை செய்யலாம் என்று இறங்கினேன். வீட்டில் மரவேலை செய்கிறவர்களிடம் இப்போது பிரபலமாக இருக்கும் வகை. 18 மி.மீ. பிளைவுட் பலகை, அதில் 20 மி.மீ. விட்டமுள்ள ஓட்டைகள், குறுக்கும் நெடுக்கும் 96 மி.மீ. இடைவெளியில். ஓட்டைகளில் உலோக முளைகளைச் செருகலாம். இரண்டு முளைகளை ஒட்டிப் பலகையை வைத்து, வேறு இரண்டு முளைகளை ஒட்டி ரம்பத்தின் வழித்தடத்தை வைத்தால் இரண்டும் தானாகவே செங்கோணத்தில் நிற்கும். மூலைமட்டமே வேண்டாம். ஆனால் ஓட்டைகள் சரியாக இருக்க வேண்டும்.

பென்சில், எஃகு அளவுகோல், கை டிரில். இரண்டு வார இறுதிகளில் அறுபது ஓட்டைகள் போட்டேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, "இட்லித் தட்டு மாதிரி இருக்கு. இத்தன ஓட்ட எதுக்குடா?" என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

அந்த மேசையில் நான் செய்த முதல் சாமான் அம்மாவின் சமையலறை அலமாரி. கதவு மூடவில்லை. 1200 மி.மீ. உயரமுள்ள பலகையில் நான்கு மில்லிமீட்டர் கோணல்.

கணக்கு எளிதுதான். 384 மி.மீ. தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் விலகினால் கோணம் சுமார் 0.07 பாகை மாறும். கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். 1200 மி.மீ. பலகையின் மறுமுனைக்குப் போகும்போது அது ஒன்றரை மில்லிமீட்டராகிவிடும். அதற்கு மேல் நான் இன்னொரு முட்டாள்தனமும் செய்திருந்தேன். ஒவ்வோர் ஓட்டையையும் அதற்கு முந்தைய ஓட்டையிலிருந்து அளந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் கால் மி.மீ. ஒரே பக்கம் பிசகினால் பத்தாவது ஓட்டையில் பிழை இரண்டேகால் மி.மீ. எல்லா அளவையும் ஒரே புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

கோபத்தில் அலமாரியைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அப்பாவின் கேள்வி திரும்ப வந்தது. இத்தனை ஓட்டை எதற்கு? தாத்தாவுக்குப் பதினொன்று போதுமாக இருந்ததே, எப்படி?

பிடிமானம்

தச்சு மேசையின் ஓட்டை மிகப் பழையது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் நகரில், குட்டித் தேவதைகள் மரவேலை செய்வதுபோல் ஒரு சுவரோவியம் கிடைத்தது. தாழ்வான மேசை, அதில் ஓட்டைகள். ஓர் ஓட்டையில் செருகிய இரும்புக் கொக்கி பலகையை அழுத்திப் பிடித்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஹோல்ட்ஃபாஸ்ட் என்பார்கள். சுமார் 1700 ஆண்டுகள் கழித்து, பாரிஸ் தச்சர் ஆந்த்ரே ரூபோ தன் தொழிலைப் பற்றி எழுதிய பெரும் நூலில் வரைந்த மேசையிலும் அதே கொக்கி, அதே ஓட்டைகள். 1769இல் வெளிவரத் தொடங்கிய அந்த நூலைப் பார்த்து இன்றும் மேசை செய்கிறார்கள்.

அந்தக் கொக்கி வேலை செய்யும் விதம்தான் எனக்கு முதல் பாடம். தலைகீழ் 'ட' போன்ற இரும்பு. காலை ஓட்டைக்குள் விட்டு, மண்டையில் ஒரு அடி. கால் ஓட்டைக்குள் கொஞ்சம் சாய்ந்து, மேல் விளிம்பிலும் எதிர்ப்பக்கத்துக் கீழ் விளிம்பிலும் இறுகிக்கொள்ளும். பின்பக்கம் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். திருகு கிடையாது, பல் கிடையாது. உராய்வு மட்டும்தான். அதற்கு ஓட்டை கம்பியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். கச்சிதமாக இருந்தால் கம்பி சாய முடியாது, சாயாவிட்டால் பிடிக்காது.

ஆக, அந்த ஓட்டைக்குத் துல்லியம் தேவையில்லை. அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கதவுச் சட்டத்தை உளியால் கொத்தும்போது அது எங்கே துள்ளும்? அங்கே ஓர் ஓட்டை. இன்னொரு வேலை வந்தால் அதற்கு இன்னொன்று. முதல் நாளே எல்லாவற்றையும் போட்டு வைக்க வேண்டியதில்லை. வேலை வர வர மேசையில் ஓட்டைகள் சேரும்.

இதைப் படித்த அன்று இரவு பின்புறம் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். இந்த முறை காலிப்பர் எடுத்துப் போகவில்லை. பதினொரு ஓட்டைகளில் ஆறு இடது பக்கம், முன்விளிம்பிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிச் சுத்தியல் தழும்புகள். காலையில் அப்பாவை அழைத்துக் கேட்டேன். விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். "இது ஜன்னல் சட்டத்துக்கு. இது பெஞ்சுக் காலுக்கு. இந்த ரெண்டும் பெட்டி மூடி இழைக்க."

நான் இடைவெளிகளை அளந்திருந்தேன். தாத்தா இடைவெளிகளைப் போடவில்லை.

பக்கத்தில் ஓர் ஆள்

இருந்தாலும் அந்த இரண்டு சாய்ந்த ஓட்டைகள் என் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தன. பிடிமானத்துக்கான ஓட்டையும் ஓரளவுக்கு நேராக இறங்கத்தான் வேண்டும். நான்கு அங்குல மரத்தில் ஒரு பாகை சாய்ந்தாலே அடியில் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும்.

மனிதன் நேராக ஓட்டை போட முயன்ற கதை நீளமானது. சிந்துவெளி மக்கள் நீளமான சூதுபவள மணிகளை இரண்டு முனைகளிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்தார்கள். ஒரு மணிக்கு நாட்கணக்கில் வேலை. நாம் இன்று மரத்தில் செய்வதும் அதேதான்: துரப்பணத்தின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்திலிருந்து முடிப்போம். இல்லையென்றால் அடிப்பக்கம் பிய்ந்துபோகும். எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில், கி.மு. 15ஆம் நூற்றாண்டு, ஒரே வில்லால் ஒரே நேரத்தில் பல துரப்பணங்களைச் சுழற்றி மணி துளைக்கும் ஆட்களைப் பார்க்கலாம். இந்தப் படத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

வில் துரப்பணம் முன்னும் பின்னும் சுழலும். அதனால் பாதி நேரம் வீண். ஒரே பக்கம் தொடர்ந்து சுழலும் பிரேஸ், அதாவது வளைந்த கைப்பிடியுள்ள துரப்பணம், ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் தென்படத் தொடங்குகிறது. அதன் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று நியூயார்க்கின் குளோய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மெரோட் பீடச் சித்திரம். ஏறக்குறைய 1430ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நடுவில் தேவதூதர் மரியாளிடம் வந்திருக்கிறார். வலப்பக்கம் தன் பட்டறையில் சூசையப்பர் தனியாக உட்கார்ந்து ஒரு பலகையில் வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். உலகை மாற்றும் செய்தி பக்கத்து அறையில். இவர் கவனமெல்லாம் ஓட்டையில். அந்தப் பலகை எலிப்பொறியின் பாகமா, கணப்புப் பெட்டியின் மூடியா என்று கலை வரலாற்றாசிரியர்கள் சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு அவரது முகம்தான் முக்கியம். ஓட்டை சாய்ந்துவிடக் கூடாது என்ற கவலை தெரிந்த முகம்.

ஏன் அந்தக் கவலை என்றால், துரப்பணத்தைப் பிடித்திருப்பவனுக்கு இடம் வலமாகச் சாய்வது தெரியும். தன் பக்கமோ எதிர்ப்பக்கமோ சாய்வது தெரியாது. கண் இருக்கும் இடம் அப்படி. இதற்கு இரண்டு பழைய தந்திரங்கள் உண்டு. ஒன்று, பளபளக்கும் உலோகத் தகட்டைத் துரப்பணத்தின் அடியில் வைப்பது. தகட்டில் தெரியும் பிம்பமும் துரப்பணமும் ஒடியாமல் ஒரே கோடாகத் தெரிந்தால் நேராக இருக்கிறது. இன்னொன்று, பக்கவாட்டில் ஓர் ஆளை நிற்க வைத்துப் பார்க்கச் சொல்வது.

தாத்தா எப்படிச் செய்தார் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நான்தான் நிப்பேன்" என்றார். "சாயுது, நிமித்துங்க, இப்ப சரி. அதுதான் என் வேல. அசையக் கூடாது, அங்க இங்க பாக்கக் கூடாது."

பிறகு மேசையின் அந்த இரண்டு ஓட்டைகளின் மேல் கை வைத்தார். "இது ரெண்டும் நான் பாத்தது. ஏழு வயசு. வெளியில பசங்க பந்து வெளையாடிக்கிட்டு இருந்தானுங்க."

அன்று அவர் ஏன் "அப்படியா" என்று மட்டும் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஆளுக்குப் பதில் சட்டம்

பக்கத்தில் நின்ற ஆளை இரும்பாக மாற்றியதுதான் தொழிற்புரட்சியின் கதையில் ஒரு பாதி. இது மிகை இல்லை. ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்துக்கு 1769இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் நீராவி கசியாத அளவுக்கு உருண்டையான உருளை கிடைக்கவில்லை. அதற்கு முந்தைய குடைவு இயந்திரங்களில் வெட்டும் தலை ஒரு நீண்ட தண்டின் நுனியில் தொங்கிக்கொண்டிருக்கும். வார்ப்பு எப்படிக் கோணியிருக்கிறதோ அதன் பின்னாலேயே போகும். 1775 வாக்கில் ஜான் வில்கின்சன் தண்டை உருளையின் வழியே முழுக்க விட்டு, இரண்டு முனைகளிலும் தாங்கிப் பிடித்தார். அவ்வளவுதான். 50 அங்குல உருளையில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனம்கூடப் பிசகில்லை என்று வாட்டின் பங்காளி போல்டன் மறு வருடம் எழுதினார். தண்டு அலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலை மனிதனிடமிருந்து இரண்டு தாங்கிகளுக்குப் போய்விட்டது.

மரத்தில் இது நடந்த இடம் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல்தளம். பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்குச் சுமார் ஆயிரம் மரக் கப்பிகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் அச்சுக்கான துளை சரியாக நடுவில், சரியாக நேராக இருக்க வேண்டும். மார்க் புரூனெல் வடிவமைத்து ஹென்றி மாட்ஸ்லி செய்துகொடுத்த இயந்திரங்கள் 19ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அங்கே நிறுவப்பட்டன. முதலில் துளை. துளையிடும்போது கட்டையைப் பிடித்த இடத்தில் விழும் தழும்புகளை வைத்து அடுத்தடுத்த இயந்திரங்கள் அதே கட்டையை அதே இடத்தில் பிடித்தன. எல்லா அளவும் ஒரே இடத்திலிருந்து. நான் தேர்வில் எழுதிவிட்டு மேசையில் மறந்துபோன அதே விதி. 1808இல் ஒரே வருடத்தில் 1,30,000 கப்பிகள். 110 திறமையான ஆட்கள் செய்த வேலையை 10 சாதாரண ஆட்கள் செய்தார்கள் என்பது எல்லாப் புத்தகங்களிலும் வரும் கணக்கு.

மீதி நூறு பேரைப் பற்றி அந்தப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை.

எனக்கு இது தூரத்து வரலாறு இல்லை. பினாங்குப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜிக் வடிவமைப்பதுதான் என் உத்தியோகம். ஜிக் என்றால் துரப்பணம் இப்படித்தான் இறங்க முடியும், வேறெங்கும் போக முடியாது என்று கட்டாயப்படுத்தும் சட்டம். நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த ஒருவர் காலையில் வேலைக்குச் சேர்ந்தால் மத்தியானத்துக்குள் பிழையில்லாமல் ஓட்டை போடுவார். அவர் போனால் மறுநாள் இன்னொருவர். நான் நல்ல ஜிக் செய்தால் அவரிடம் எந்தத் திறமையும் இருக்கத் தேவையில்லை, சம்பளமும் அதற்கேற்பத்தான். டேவிட் பை என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் 1968இல் எழுதிய நூலில் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார். முடிவு கடைசி நொடிவரை கையின் கவனத்தில் தொங்குகிற வேலை ஒன்று. முடிவு முன்கூட்டியே நிச்சயமாகிவிட்ட வேலை இன்னொன்று. முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றத்தான் எனக்குச் சம்பளம். தாத்தா மாதிரி ஓர் ஆள் தேவைப்படாதபடி பார்த்துக்கொள்வது என்றும் சொல்லலாம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் ஜிக்கை எந்த ஜிக் செய்தது? மாட்ஸ்லியின் பட்டறையில் அரத்தைப் பிடித்திருந்த கைகள்தான். 110 பேரின் திறமை காணாமல் போகவில்லை. சில பேரின் கை வழியாக இரும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அளவுகோலான மேசை

இனி 96 மி.மீ. கதைக்கு வரலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீடுகள் வேண்டும், வீடுகளுக்கு அலமாரிகள் வேண்டும். கையில் இருந்தது மரத்தூள் பலகை. அதில் பழைய தச்சு இணைப்புகள் நிற்காது. ஓட்டை போட்டுக் கட்டையும் திருகும்தான் வழி. அதனால் பல துரப்பணங்களை வரிசையாக வைத்து ஒரே அழுத்தில் ஒரு வரிசை ஓட்டைகளைப் போடும் இயந்திரங்கள் வந்தன. ரெக்மிரே கல்லறையில் பார்த்த அதே யோசனைதான், வில்லுக்குப் பதில் பல்சக்கரம். பக்கத்துப் பக்கத்துத் துரப்பணங்களை அன்று 32 மி.மீட்டருக்கு மேல் நெருக்க முடியவில்லை என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அந்த 32 உலகம் முழுக்க அலமாரித் தொழிலின் அளவாகிவிட்டது. உங்கள் வீட்டு அலமாரியின் உள்பக்கம் தட்டு வைக்கும் குட்டி ஓட்டைகள் இருந்தால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் 32 இருக்கும்.

96 என்பது மூன்று 32. ஜெர்மனியின் ஃபெஸ்டூல் நிறுவனம் தன் வேலைமேசையில் 20 மி.மீ. ஓட்டைகளை 96 மி.மீ. கட்டத்தில் போட்டது. அங்கேதான் ஓட்டையின் வேலை மாறியது. அதுவரை அது பிடிக்கிற இடம். இப்போது அது மூலைமட்டம், அளவுகோல். பிடிக்கிற ஓட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் நல்லது. அளக்கிற ஓட்டை தளர்வாக இருந்தால் பொய் சொல்லும். நான் ஒன்றின் சட்டத்தை வைத்து இன்னொன்றை அளந்திருக்கிறேன். தாத்தாவின் மேசையை அளவுகோல் என்று நினைத்தேன். என் மேசையை வெறும் மேசை என்று நினைத்து பென்சிலால் செய்தேன்.

திரும்பவும்

இரண்டாவது பலகையை வேறு மாதிரி செய்தேன். இங்கிலாந்தின் பீட்டர் பார்ஃபிட் உருவாக்கிய முறையின் ஏழை வீட்டுப் பதிப்பு என்று சொல்லலாம். தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கி, கழிவாகக் கிடந்த அலுமினியப் பட்டையில் 96 மி.மீ.க்கு ஒன்றாக 3 மி.மீ. ஓட்டைகளை சி.என்.சி. இயந்திரத்தில் போட்டுக்கொண்டேன். பட்டையைப் பலகையில் வைத்து, முதல் ஓட்டை வழியாக ஒரு முளையை இறக்கி, அதே புள்ளியிலிருந்து ஒரு வரிசை முழுவதையும் துளைத்தேன். அடுத்து செங்கோணம். மூன்று இடைவெளி 288 மி.மீ., நான்கு இடைவெளி 384 மி.மீ., குறுக்கே ஐந்து இடைவெளி 480 மி.மீ. மூன்று பட்டைகளை முக்கோணமாக முளையில் மாட்டினால் செங்கோணம் தானாக வந்துவிடும். மூலைமட்டத்தை நம்ப வேண்டியதில்லை. கடைசியில் ஒவ்வொரு 3 மி.மீ. ஓட்டையையும் மையமாக வைத்து, துரப்பணத்தைச் செங்குத்தாகப் பிடிக்கும் குழாய்ச் சட்டம் வழியாக 20 மி.மீ. ஓட்டைகள். முதல் ஓட்டைகளை மறுபக்கமும் தொட்டுவிட்டேன், பிய்யாமல் இருக்க.

அம்மாவின் அலமாரிக் கதவு இப்போது மூடுகிறது. அப்பா வந்து இரண்டு முளைகளைச் செருகி, பலகையை வைத்துப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா இதுல உளி வச்சு அடிக்க முடியாது" என்றார். உண்மைதான். 18 மி.மீ. பிளைவுட் தாங்காது.

போன மாதம் ஒரு பழைய கதவுச் சட்டத்தைக் கொத்த வேண்டியிருந்தது. தாத்தாவின் மேசைக்குத்தான் போனேன். என் சட்டம் அகலமானது, பதினொரு ஓட்டைகளில் எதுவும் எட்டவில்லை. பன்னிரண்டாவது ஒன்று போட வேண்டும். குழாய்ச் சட்டம் அந்த ஆழத்துக்கு எட்டாது. இரும்பு பிரேஸை எடுத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா கேட்காமலேயே பக்கவாட்டில் வந்து நின்றார். அவருக்கு அறுபத்தாறு வயது. முட்டி வலியால் அதிக நேரம் நிற்க முடியாது. செங்கால் மரம் இரும்பு மாதிரி, ஒரு அங்குலம் இறங்கவே எனக்கு மூச்சு வாங்கியது.

"உன் பக்கம் சாயுது."

நிமிர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம். ம்... இப்ப சரி. நிறுத்தாத."

முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஒரு முறைகூட வேறு பக்கம் பார்க்கவில்லை.